புகையில்லாத் திங்கட்கிழமை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மிஸஸ் ஆடா விண்டில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம், அறுவடைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, நாங்கள் இருவரும் கோயிலில் பூ வைத்துக்கொண்டிருந்தோம். அலமாரியிலிருந்த பழைய பாடகர் அங்கி ஒன்றை எடுத்து, "இது ஏன் இப்படிச் சாம்பல் நிறமா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பூஜாடி சாய்ந்தது. கோயிலுக்குள் அப்படிச் சிரித்ததற்கு ஆண்டவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மேலே சொன்னார்.

ஆடாவின் அக்கா ஹெஸ்டர் பாப்ஜாய். புருஷனை இழந்தவள். வெக்ஸ்கோம் ஊரில் மேட்டுச்சாலை அடிவாரத்தில் சலவை செய்து பிழைத்தாள். ஆடா இஸ்திரி போடுவாள். தொள்ளாயிரத்தெட்டாம் வருடம் அந்த ஊருக்குப் பதினெட்டு மோட்டார் கார்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் அந்த மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரர் மாதிரி இருமும். இருமினதெல்லாம் ஹெஸ்டரின் துணிக்கொடியில்தான் வந்து உட்காரும்.

பெரிய வீட்டுத் தலையணை உறை கறுத்தபோதெல்லாம் ஹெஸ்டர் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அந்த மே மாதம் குருவானவரே வாசலில் வந்து நின்றார்.

"ஹெஸ்டர், பரமேறுதல் திருநாள் வியாழக்கிழமை பேராயர் வர்றார். சம்சாரத்தோட வர்றார். பாடகர் அங்கி பதினாறும் பனி மாதிரி இருக்கணும். போன தடவை... நான் குறையா சொல்லல. ஆனா பக்கத்து ஊர் நீராவிச் சலவைக்காரங்க கோயில் துணியைக் கேட்டு மூணு கடிதம் போட்டிருக்காங்க."

கோயில் துணி போனால் குருவானவர் வீட்டுத் துணி போகும். அது போனால் பெரிய வீட்டுத் துணி போகும். அப்புறம் துவைக்க மிஞ்சுவது ஹெஸ்டரின் சொந்த மேலங்கி ஒன்றுதான்.

அன்றைக்கே அவள் கார்க்காரர்களின் மோட்டார் சங்கத்துக்கு, புகையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதினாள். நாலு வரி.

சங்கம் அதை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது. மேற்படி மனுவில் கண்ட புகை இதுவரை எவராலும் அளக்கப்படவில்லை என்பதும், அளக்கப்படாத புகையைக் குறைப்பது முறையாகாது என்பதும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டன. ஆகவே, புகையை ஒழிக்கும் உன்னத நோக்கத்துடன், மேட்டுச்சாலையில் பதினெட்டு கார்களும் தலைக்கு மூன்று முறை ஏறி இறங்கும் ஒரு போட்டி நடத்துவதென்றும், எவருடைய கார் மிகக் குறைவாகப் புகைகிறதோ அவருக்கு வெள்ளிக் கோப்பை என்றும் முடிவாயிற்று. நாள்: திங்கட்கிழமை.

ஹெஸ்டர் ஈரக் கையோடு சங்கத்துக்கு ஓடினாள். செயலாளர் காப்டன் ஃபென்விக் மேஜையில் விதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, திங்கட்கிழமை வேண்டாங்க. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள்."

"எந்த உத்தரவுப்படி?"

"உத்தரவு எதுக்குங்க? ஊர் பூரா அன்னிக்குத்தான் துவைக்கும். எங்க அம்மா காலத்துலயும் அப்படித்தான்."

காப்டனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். அவருடைய சட்டைகள் வியாழன்தோறும் இழுப்பறையில் தாமாகவே மடிந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் அவை எங்கே போய் வந்தன என்று அவர் யோசித்ததேயில்லை.

"நல்லதாப் போச்சும்மா. துணியைக் காப்பாத்தத்தானே இந்தப் போட்டி? துணி எவ்வளவு அதிகமா வெளியில இருக்கோ, அவ்வளவு துணிக்கு நன்மை."

"அம்பத்துநாலு தடவை கார் ஏறுமே ஐயா, புகை வராதா?"

"இது புகை ஒழிப்புப் போட்டிம்மா. இதுல போய் எப்படிப் புகை வரும்?" என்றவர், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். "அது மட்டுமில்ல. ஒன்பதாம் விதியைப் பாரு. மூணு விநாடிக்குள்ள மறைஞ்சா அது புகை இல்ல, ஆவி. ஆவிக்கு மார்க் குறையாது."

"எனக்குத் தெரிஞ்ச ஆவி ரெண்டுதான் ஐயா. ஒண்ணு கோயில்ல சொல்ற பரிசுத்த ஆவி. இன்னொண்ணு எங்க வெள்ளாவி. ரெண்டும் அழுக்கைப் போக்குமே தவிர, வைக்காது."

காப்டன் அந்தப் பதிலில் மகிழ்ந்துபோய், அவளைக் கௌரவ வெண்மைப் பரிசோதகராக நியமித்தார். காரின் பின்னால் ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். அது எவ்வளவு கறுக்கிறதோ அதைப் பொறுத்து மார்க். துணியின் ஒரு முனையை ஹெஸ்டர் பிடிக்க வேண்டும், மறு முனையை ஆடா. துணியும் அவர்கள் வீட்டிலிருந்தே வர வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் நல்ல வெயில். கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிற தைரியத்தில் ஹெஸ்டர் பதினாறு அங்கிகளையும் நீலம் போட்டு அலசிக் கொடியில் போட்டாள். ஒரு சின்ன ஜெபமும் செய்தாள். பத்து மணிக்குச் சாலையை மூடிவிட்டார்கள். அக்காளும் தங்கையும் மேட்டின் உச்சியில், கொடி கீழே, நடுவில் ஒரு போலீஸ்காரர்.

கார்க்காரர்களின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒருவர் இயந்திரத்துக்கு எண்ணெயே போடாமல் வந்தார். புகை வரவில்லை. இரண்டாவது தடவை காரும் வரவில்லை. வாசனைக்கும் மார்க் உண்டு என்பதால் இன்னொருவர் பெட்ரோலில் லாவெண்டர் தைலம் கலந்தார். கார் தீய்ந்துபோன சோப்பு மாதிரி மணத்தது. மூன்றாமவர் புகைக்குழாயில் தன் மனைவியின் கம்பளிக் காலுறையை மாட்டியிருந்தார். பாதி மேடு வரை அற்புதம். பிறகு படீரென்று ஒரு சத்தம். காலுறை பறந்துபோய் நடுவர்களின் தேநீர்க் கெண்டியில் விழுந்தது.

"யார் காலோ என்னவோ," என்றாள் ஆடா.

"சும்மா இருடி. கொடியப் பாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கும்தான் தெரியல அக்கா. கொடி இருந்த இடத்துல மேகம் இருக்கு."

ஹெஸ்டர் துணியை விட்டுவிட்டு ஓடினாள். போலீஸ்காரர் கையை நீட்டினார். "போட்டி முடியற வரைக்கும் யாரும் குறுக்க போகக் கூடாது."

"என் துணி அங்க கறுத்துக்கிட்டிருக்கு ஐயா!"

"அதை ஒழிக்கத்தாம்மா இவ்வளவு பேரும் பாடுபடறோம். போய்ப் பிடி."

நாலு மணிக்கு நடுவர்கள் சோதனைத் துணியை நீட்டிப் பார்த்தார்கள். கறுப்பென்றால் கறுப்பு. ஆனால் காப்டன் ஃபென்விக் நியாயமான மனிதர். எதோடும் ஒப்பிடாமல் ஒரு நிறத்தைக் குறை சொல்லலாமா? ஊரில் அன்றைக்குக் காய்ந்துகொண்டிருந்த துணிகளை வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒரே நிறம். ஆகவே சோதனைத் துணி வெண்மையாகவே இருப்பதாகவும், வெக்ஸ்கோமில் புகை இல்லையென்றும் பதிவேட்டில் எழுதப்பட்டது.

கோப்பை சங்கத் தலைவர் சர் ஆப்ரி ட்ரிப்புக்கு. அவருடைய கார் கடைசி வரை கிளம்பவேயில்லை. மதுக்கடை வண்டிக் குதிரைகள் இரண்டு அதை மூன்று தடவையும் மேலே இழுத்துச் சென்றன. ஒரு பொட்டுப் புகை இல்லை. குதிரைகள் சாலையில் விட்டுப்போனது புகையும் அல்ல, ஆவியும் அல்ல. அதற்கு விதியில் இடமில்லை.

செவ்வாயும் புதனும் மழை. ஹெஸ்டர் அங்கிகளை மூன்று முறை வெள்ளாவி வைத்தாள். எண்ணெய்ப் புகை அசையவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கோயிலின் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்தாள். "அக்கா, அழாதே, வேற வேலையா கிடைக்காது?" என்றாள் ஆடா.

பதினாறு பேரும் மழைமேகம் மாதிரி உள்ளே வந்தார்கள். குருவானவரின் முகம் மட்டும் பனி மாதிரி வெளுத்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் பேராயரின் மனைவி அங்கி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அடக்கமான நிறம்! எங்க ஊர்ல எல்லாம் இன்னும் வெள்ளைதான். இதுக்கு என்ன பேரு?"

குருவானவர் வாயைத் திறப்பதற்குள் சர் ஆப்ரியின் மனைவி முந்திக்கொண்டார். "மோட்டார் சாம்பல்னு சொல்லுவோம். எங்க வீட்டுல இப்ப வேற நிறமே கிடையாது."

அதன் பிறகு ஊரில் வெள்ளை மேஜைவிரிப்பு போடத் துணிந்தவர் யாருமில்லை. போட்டால், கார் போகாத தெருவில் குடியிருப்பவர்கள் என்று ஆகிவிடும். மேல்தெருக்காரர்கள் நல்ல வெள்ளைத் துணிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, "சாலைப் பக்கமாப் போடு ஹெஸ்டர், வளைவுல போடு," என்று கெஞ்சினார்கள். நீராவிச் சலவைக்காரர்கள் வெளுத்தது வெளுத்தபடியே இருந்ததால் கடையை மூடினார்கள். கோயில் துணி ஹெஸ்டரிடமே நின்றது. அவள் தினமும் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

ஆகஸ்டில் கார்க்காரர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கொடியில் துணிகள் ஈவிரக்கமில்லாமல் வெளுத்தன. மேல்தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. வேறு வழியில்லாமல் ஹெஸ்டர் சங்கத்துக்கு இன்னொரு மனு எழுதினாள்: கருணை கூர்ந்து வாரம் இரண்டு கார்களையாவது மேட்டில் ஏற்றி, கொஞ்சம் புகைவிட ஆவன செய்ய வேண்டும்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. ஆடா அதை உரக்கப் படித்தாள். மே மாதப் பதிவேட்டின்படி வெக்ஸ்கோமில் புகை என்பதே இல்லையாதலால், இல்லாத ஒன்றை அதிகப்படுத்தச் சங்கத்துக்கு அதிகாரமில்லை.

ஹெஸ்டர் காகிதத்தை மடித்தாள். பதினாறு அங்கிகளையும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டினாள்.

இப்போது மறுபடியும் வெள்ளைதான் நாகரிகம். ஹெஸ்டர் பாப்ஜாய் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: திங்கட்கிழமை மேட்டுச்சாலையில் காரில் வந்தால், அந்த வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். என் விரிப்புகள் காய்கின்றன.