இரண்டு முழக் கடலும் நேசமலரும்

முல்லைத்தீவு,
22-7-1962.

பெருமதிப்பிற்குரிய அப்புத்துரை அத்தான் அவர்கட்கு,

முல்லைத்தீவில் தலைமையாசிரியனாயிருந்து தலை நரைத்துக்கொண்டிருக்கும் தங்கள் மைத்துனன் கனகலிங்கம் எழுதுவது. நானும் விமலேஸ்வரியும் மகள் பத்மாசனியும் வற்றாப்பளை அம்மன் கடாட்சத்தால் சொல்லத்தக்க குறையொன்றுமின்றி இருக்கிறோம். தாங்களும் கமலாசனி அக்காவும் மருமக்களும் கொழும்பு மழைக்குத் தடிமன் பிடிக்காமல் சுகமாயிருப்பீர்களென நம்புகிறேன். நிற்க.

தாங்கள் வைக்கோலில் பொதிந்து ரயிலேற்றிய கண்ணாடித் தொட்டி மாங்குளத்தில் இறங்கி, பஸ்ஸில் என் மடிமீது அமர்ந்து, ஒரு கீறலுமின்றி வந்து சேர்ந்ததென்று சித்திரையில் எழுதினேன். அதன்பின் ஒன்றும் எழுதாமல் விட்டது மறதியாலன்று, வெட்கத்தால். பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி ஆடி மாதம் வருவார், அவர் திருப்திப்பட்டால்தான் எங்களுக்கு விஞ்ஞான வகுப்புக் கிடைக்குமென்பது தாங்கள் அறிந்ததே. கிடைக்காவிட்டால் பத்மாசனியோடு சேர்த்துப் பதினொரு பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு குசினிக்குள் அடுப்பூதப் போகவேண்டியதுதான். யாழ்ப்பாணத்து விடுதிக்குப் பெண்ணை அனுப்பத் துணிந்த தகப்பன் இவ்வூரில் ஒருவனுமில்லை, என்னையும் சேர்த்துத்தான். எங்கள் ஆய்வுகூடத்திலோ ஒரு பூதக்கண்ணாடியும் யாரோ விட்டுப்போன பல்லி எலும்பும் மட்டுமே இருந்தன. ஆகவே பள்ளிக்கூடத்து வாசலில் கிடக்கும் கடலையே இரண்டு முழக் கண்ணாடிக்குள் அடைத்து வித்தியாதரிசியை மலைக்க வைப்பதென்று நான் திட்டமிட்டேன்.

முதல் பிழை குடம். விமலேஸ்வரியின் சீதனப் பித்தளைக் குடத்தில் கடல்நீர் அள்ளி, இரவு முழுதும் மூடிவைத்து, காலையில் தொட்டிக்குள் ஊற்றினேன். குடம் பச்சை பூத்தது, விமலேஸ்வரி என்னோடு கதைப்பதை நிறுத்தினா. இரண்டாவது பிழை என் ரசனை. கரையிலே வலை இழுப்போரிடம் போய், சித்திரப் பாடத்துக்கு நிறம் தெரிவு செய்வதுபோல மீன் தெரிவு செய்தேன்: முகத்தில் வர்ணம் தீட்டியதுபோல ஒரு கிளாத்தி, குழந்தை முகத்தோடு ஒரு பேத்தை, புள்ளி போட்ட ஒரு களவாய்க் குஞ்சு, அவற்றுக்குத் துணையாகப் பன்னிரண்டு சிறு மீன், ஆறு இறால், நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு நாலு. ஒரே நாளில் எல்லாவற்றையும் உள்ளே விட்டு, சுவரில் "ஒற்றுமையே பலம்" என்று எழுதியும் வைத்தேன். மறுநாள் இறால் ஆறும் செத்து மிதந்தன. அதற்கு மறுநாள் சிறு மீனில் ஐந்தைக் காணோம். மூன்றாம் நாள் நண்டுகளின் சங்குகள் கிடந்தன, நண்டுகள் இல்லை. நான் அறிவியலாளனைப்போலச் சிந்தித்து, காவல்காரன் ஐயாத்துரைதான் கள்ளனென்று முடிவு செய்தேன்.

"ஐயாத்துரை, உண்மையைச் சொல்லு. பொரிச்சனியோ, குழம்பு வைச்சனியோ?"

"ஐயா, அந்தப் பொடி மீனைப் பொரிக்க வெளிக்கிட்டா எண்ணெய்தான் நட்டம். உங்கட களவாய்க்குஞ்சின்ர வயித்தை ஒருக்காப் பாருங்கோவன்."

பார்த்தேன். அதன் வாயிலிருந்து ஒரு வால் இன்னமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஐயாத்துரையிடம் பிள்ளைகள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெருந்தன்மையாக, "நேசமலரைக் கூப்பிடுங்கோ ஐயா. உங்களுக்கு மீன் தெரியாது" என்றான். பதினெட்டு வருடம் ஆசிரியனாயிருந்தவனுக்கு இது எப்படியிருக்கும்! ஆனாலும் போனேன், அத்தான். ஆடி வந்துகொண்டிருந்தது.

நேசமலர் கரைவலைக்காரர்களின் மீனை வகை பிரிப்பவள். முப்பது வயதிருக்கும். வலை கரையேறியதும் நூறு சாதி மீனும் ஒன்றன்மேலொன்று துள்ளும் குவியலில் கையை விட்டு, முள்ளுக் குத்தாமல், கடி வாங்காமல், கூடை கூடையாகப் பிரித்துவிடுவாள். எந்த மீன் எதைக் கடிக்குமென்பது அவளுக்கு விரல் நுனியிலேயே இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், என் வகுப்பறைக்குள் கால்வைக்கக் கூசினாள். தொட்டியைக் கண்டதும் கூச்சமெல்லாம் பறந்தது. விரலை நீருக்குள் தோய்த்து நாக்கில் வைத்தாள், உடனே துப்பினாள்.

"இது கடல் இல்லை வாத்தியார், உப்பளம்! நீர் வத்த வத்தக் கடல்தண்ணியே விட்டனீங்கள்?"

"ஓம். பின்னை?"

"வெய்யில் தண்ணியைத்தான் குடிக்கும், உப்பைக் குடியாது. வத்தின இடத்துக்குக் கிணத்துத் தண்ணி விடவேணும். எதிலை அள்ளினனீங்கள்?"

பித்தளைக் குடத்தைக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்தாள். "ஈயம் பூசாத பித்தளையிலை புளிக்கறி வைச்சா நீங்கள் சாப்பிடுவியளோ? இறாலுக்கும் உயிர்தானே, வாத்தியார்."

வகுப்பறையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் இருந்த விமலேஸ்வரி இதைக் கேட்டுவிட்டு, நாலு நாளுக்குப் பிறகு முதல்முதலாகச் சிரித்தா. நேசமலருக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. எனக்கும் வந்தது.

அத்தான், அதன்பின் நான் கண்டதை எந்தக் கலாசாலையிலும் கண்டதில்லை. அவள் கிளாத்தியையும் பேத்தையையும் களவாயையும் மிஞ்சிய சிறு மீன்களையும் நத்தைகளையும் கடலில் கொண்டுபோய் விட்டாள். மண்குடத்தில் நல்ல நீர் அள்ளிவந்து நிரப்பினாள். முருகைக்கல்லென்னும் பவளப்பாறைத் துண்டுகளை, அலை ஒதுக்கியவற்றையல்ல, நீருக்கடியில் உயிரோடு பாசி பிடித்துக் கிடந்தவற்றை, ஈரம் காயாமல் கொணர்ந்து குகையும் மறைவுமாக அடுக்கினாள். தண்ணீரூற்றுக் கிராமத்து மீராசாகிபு முதலாளி தமது லொறிச் சக்கரத்தின் பழைய ரியூப் ஒன்றைத் தந்தார். அதைச் சைக்கிள் பம்பால் ஊதி, மெல்லிய குழாய் வைத்து, நீருக்குள் குமிழி வரச் செய்தோம். பிறகு அவள், "இனி ஒரு மாதம் ஒண்டும் விடக்கூடாது" என்றாள். நான் பதறினேன். வித்தியாதரிசி வருவதற்கு ஆறு வாரம்தான் இருந்தது.

"கல்லு முதல் சீவிக்கட்டும். அக்கராயனிலை காணி குடுத்த உடனே நெல்லு விளைஞ்சதோ? காடு வெட்டி, வரம்பு கட்டி, தண்ணி பாய்ச்சித்தானே?"

அக்கராயன் குடியேற்றத் திட்டத்தில் என் தம்பியே காணி பெற்றிருக்கிறான். அவள் சொன்னபடியே விட்டேன். ஒரு மாதம் வெறும் கல்லையும் நீரையும் காவல் காத்தேன்; ஊரார் வந்து, "மாஸ்டர், மீன் எங்கை?" என்று கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்துப் போனார்கள்.

மாதம் கழிந்ததும் நத்தை நாலு வந்தன, பாசி மேய. பிறகு சங்கு நண்டு இரண்டு. அவை வளர்ந்தால் வீடு மாற வெறுஞ்சங்கு ஏழெட்டும் போட்டாள், இல்லாவிட்டால் வீட்டுக்காக ஒன்றையொன்று கொல்லுமாம். பிறகு மண்ணள்ளும் உளுவை மீன் ஒன்று. பிறகு கல்லில் பூப்போல விரிந்து ஆடும் ஒரு பிராணியும், அதன் நச்சு விரல்களுக்குள் பயமில்லாமல் படுத்தெழும்பும் செம்மஞ்சள் சோடி மீனும். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் விரலளவு நீல மீன் ஒன்று.

"இதேன் கடைசி?" என்றேன்.

"இது சண்டைக்காரன். முதல் விட்டா முழுக்காணியும் தன்ரை எண்டு வேலி போடும். கடைசியா வந்தா கிடைச்ச மூலையிலை கிடக்கும்."

"எப்படித்தான் தெரிவு செய்கிறாய், பிள்ளை?"

"வாயைப் பாருங்கோ வாத்தியார். மீன்ர அழகைப் பாக்காதேங்கோ. தன்ரை வாய்க்குள்ளை போறதெல்லாம் மீனுக்குச் சாப்பாடுதான், சிநேகிதம் இல்லை."

நான் சுவரிலிருந்த "ஒற்றுமையே பலம்" என்பதை அழித்துவிட்டேன்.

வித்தியாதரிசி போன செவ்வாய்க்கிழமை வந்தார். நேசமலர் வாசலுக்கு வெளியே பூவரசின் கீழ் நின்றுகொண்டாள். அவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார், முகம் கோணிற்று. "இவ்வளவு பெரிய தொட்டியில் நாலே நாலு மீன்தானா?" என்றார். அவர் சட்டைக் கையை மடித்து, அந்தப் பூப்பிராணியைத் தொடக் கையை நீட்டியதும், "கை வையாதேங்கோ, சுணைச்சு எரியும்!" என்றொரு சத்தம் வந்தது. நேசமலர் வாசலைத் தாண்டி உள்ளே நின்றாள். பயத்தில் அவள் குரல் தளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. "ஐயா, நாலு மீன் ஏனெண்டா, இந்த வகுப்பிலை எத்தினை வாங்குப் பலகை கிடக்கோ அத்தினை பிள்ளையளைத்தானே இருத்தலாம். கூட விட்டா மூச்சுத் திணறிச் செத்துப்போங்கள்."

அவர் ஒவ்வொன்றாய்க் கேட்டார், அவள் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். முக்கால் மணி நேரம், அத்தான்! கடைசியில் அவர் வாங்கிலேயே உட்கார்ந்து குறிப்பெழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ்வளவையும் ஒழுங்கு செய்தவர் யார்?" என்றார். மூன்று நாளாக நான் மனப்பாடம் செய்திருந்த சொற்பொழிவு, 'அடியேனின் சிறு முயற்சி' என்று தொடங்குவது, தொண்டைவரை வந்தது. அவளைப் பார்த்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐயா, தொட்டி என் அத்தானுடையது. செத்ததெல்லாம் என்னுடையது. உயிரோடிருப்பதெல்லாம் இந்தப் பிள்ளையுடையது" என்றேன்.

விஞ்ஞான வகுப்பு அடுத்த பள்ளித் தவணையில் தொடங்குமென்று நேற்றுக் காலை கடிதம் வந்துவிட்டது. பத்மாசனி அதை ஏழு தரம் வாசித்தாள். ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம்: இந்தத் தொட்டியைவிட இருமடங்கு பெரிய தொட்டி ஒன்றைத் தாமதமின்றி ரயிலேற்றி விடுங்கள். மாங்குளத்தில் நானே வந்து மடியேந்தி வாங்குவேன். அக்காவுக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசி. விமலேஸ்வரி தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னா; குடத்தைப் பற்றித் தாங்கள் விசாரிக்க வேண்டாமென்றும் சொன்னா.

தங்கள் அன்பை மறவாத,
க. கனகலிங்கம்.

பி.கு.: தொட்டி அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் நேசமலர் வந்தாள். "பாக்க வந்தவர் பாத்திட்டார், இனி அதுகள் வீட்டை போகட்டும்" என்று அத்தனையையும் மண்குடத்தில் ஏற்றிக் கொண்டுபோய், எடுத்த கல்லிடுக்குகளிலேயே விட்டுவிட்டாள். பதினொரு பெண்பிள்ளைகளும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள், என்னைக் கேட்கவில்லை. கரையில் நின்று பார்த்தேன். நீருக்குள் குனிந்து அவள் எதையோ காட்டுகிறாள், பிள்ளைகள் கூவுகிறார்கள், நானும் சப்பாத்தைக் கழற்றினேன். விஞ்ஞான வகுப்பு இனி செவ்வாய்க்கிழமைகளில் அங்கேதான் நடக்குமாம், அவள் சொல்லிவிட்டாள். தொட்டிக்குப் பதிலாக அகலமான தொப்பி ஒன்று அனுப்புங்கள். என் தலை சற்றுப் பெரிது.