சிக்னல் அக்காவும் மரக்காலுக்குள் போன என் போனும்

அறுவடை மெஷின் இரண்டு, லோடு வேன் மூன்று, வைக்கோல் அடைக்கத் தகரக் கொட்டகை ஒன்று, மாடியோடு ஒரு வீடு. எல்லாம் நானாக உண்டாக்கியது. ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அடுத்தவர் வயலுக்கு நாற்றுக்கட்டு சுமந்த தலை இது. புயல் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது, மறு வாரமே புதுக் கூரை போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்தேன். அப்படிப்பட்ட என்னை ஒரு கிழிந்த சிவப்புப் புடவைத் துண்டைக் காட்டி நடு ரோட்டில் நிறுத்திய ஆள் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருத்திதான். சிக்னல் அக்கா.

அவள் நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். என்னைவிடப் பத்து வயது இளையவள். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேறு மாதிரிக் கூப்பிடும் தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

பாபநாசத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோட்டில், வாய்க்காலை ஒட்டி ஒரு வளைவு உண்டு. சம்பா அறுவடை முடிந்ததும் அந்த ரோட்டில் பாதி, நெல் காயப்போடும் களமாகிவிடும். ஈரம் அதிகம் என்றால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களே! மற்றவர்கள் நெல்லைச் சுற்றிக் கல்லை வைத்துவிட்டு மர நிழலுக்குப் போய்விடுவார்கள். சிக்னல் அக்கா மட்டும் மூங்கில் கழியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறியபடி வெயிலில் நிற்பாள்.

வண்டி வருகிற தினுசை வைத்தே உள்ளே இருக்கிறவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுவாள். சாட்டிலைட்டுக்குக் கூட அந்தப் பார்வை கிடையாது.

"தோ வர்றான் பாரு. மெதுவா வர்றான், திடீர்னு விரட்டுறான். மெசேஜ் படிக்கிறான். படிக்கிறப்ப காலு தூங்கிரும், படிச்சு முடிச்சதும் முழிச்சுக்கும்."

நிறுத்திப் பார்த்தால் மடியில் போன் வெளிச்சத்தோடு இருக்கும்.

"அந்தா அவன் ரோட்டத்தான் பாக்குறான். ஆனா வேகத்தடையில பிரேக்கே போடல. கண்ணு இங்க இருக்கு, மனசு வீட்டுல இருக்கு. பொண்டாட்டியோட சண்ட."

அந்த ஆளை இறக்கி நீராகாரம் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினாள். சண்டை உண்மைதான். மச்சினன் கல்யாணத்துக்கு வைத்த மொய்யில் ஆரம்பித்ததாம்.

போன் பேசிக்கொண்டு வருகிறவனுக்குத் தண்டனை ஒன்றுதான். நெல் அளக்கும் மரக்கால் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். போனைப் பிடுங்கி அதற்குள் போட்டு, மேலே நெல்லைக் கொட்டி மூடிவிடுவாள். "திரும்பி வர்றப்ப வாங்கிக்க. ஓடிப்போயிராது." ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு வந்த காலேஜ் பையனிடம் போனை உருவிக்கொண்டு, ஹெல்மெட் வாரைத் தானே மாட்டிவிட்டாள். "இது மண்டைக்குடா ராசா. செல்போன் ஸ்டாண்டு இல்ல."

ஒரு முறை, மறுநாள் காலையில் முகூர்த்தம் வைத்திருந்த மாப்பிள்ளையையே நிறுத்தினாள். காரைத் தானே ஓட்டிக்கொண்டு, பெண்ணோடு வீடியோவில் சிரித்துக்கொண்டு வந்தான். அக்கா போனை வாங்கி அந்தப் பெண்ணிடமே பேசினாள்: "கண்ணு, மாப்பிள்ள முழுசா வந்து சேரணுமா, வேண்டாமா? அப்ப வையி." பெண் பதறிப்போய் வைத்துவிட்டாள். கல்யாணம் முடிந்து அந்த ஜோடி தட்டில் ஜாங்கிரி வைத்துக்கொண்டு வந்து அக்கா காலில் விழுந்தது.

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் என் டிரைவர்களின் போனும் மரக்காலுக்குள் போக ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நேரில் போய்ச் சத்தம் போட்டேன்.

"டிரைவரு போன் எடுக்கலன்னா என் தொழில் எப்படிக்கா ஓடும்?"

"தொழில் ஓடலன்னா நாளைக்கு ஓட்டிக்கலாம் மொதலாளி. வண்டிய ஒழுங்கா ஓட்டலன்னா நாளைக்கு ஓட்ட ஆளு இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிளறப் போய்விட்டாள்.

நான் கேட்டேனா? மூன்று வண்டியையும் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அந்த மாசியில் என் கடைக்குட்டி கதிருக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருபது வயது. நெல் மூட்டையோடு வேனைக் கொள்முதல் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். நான் முன்னாலேயே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கே காத்திருந்தேன். எங்கள் முறை நெருங்கிவிட்டது. போன் போட்டேன். "எங்கடா வர்ற?" மறுபடி போட்டேன். "இன்னுமா வர்ற?" அப்புறம் டோக்கனைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "அனுப்பிருக்கேன், பாத்தியா?" என்று கேட்டேன். "பாக்குறேம்ப்பா" என்றான். அடுத்த தடவை போட்டபோது ஒரு பொம்பளைக் குரல் எடுத்தது.

"நான் சிக்னல் அக்கா பேசுறேன். வளைவுக்கு வாங்க. உங்க மவன் உசுரோடதான் இருக்கான். மெதுவா வாங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் போனோடு வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே பறந்தேன். வளைவில் சிவப்புத் துணி ஆடியது. எனக்குத்தான்.

"புள்ள எங்க கத்துக்கிச்சுன்னு இப்பத் தெரியுது" என்றாள்.

அவளுக்கு இடுப்புவரை சேறு. முழங்கை சிராய்த்து ரத்தம். காய்ந்த நெல்லின் மேல் பிரேக் போட்டால் டயர் கோலிக்குண்டின் மேல் ஏறிய மாதிரி வழுக்கும். டோக்கன் படத்தைக் குனிந்து பார்த்த கதிர், நிமிர்ந்து பிரேக் போட்டிருக்கிறான். அக்கா நின்றிருந்த இடத்தின் மேலேயே வேன் வழுக்கிப் போயிருக்கிறது. அவள் வாய்க்காலில் குதித்திருக்காவிட்டால்… நான் அதற்கு மேல் நினைக்கவில்லை. முன் சக்கரம் கரை விளிம்பில் நின்றது. கதிர் மைல்கல்லில் உட்கார்ந்திருந்தான்.

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அக்கா கழியைக் குறுக்கே நீட்டினாள்.

"அவன ஏங்க அடிக்கிறீங்க?" கதிரின் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மேலிருந்து கீழ்வரை அப்பா, அப்பா, அப்பா. "ஸ்டியரிங்க அவன் பிடிச்சிருந்தான். வண்டிய ஓட்டினது நீங்க."

என் போனை நானே மரக்காலுக்குள் வைத்தேன். நெல்லை அவள் கொட்டினாள். பிறகு அப்பனும் மகனும் மத்தியானம்வரை, சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளினோம். மரக்காலுக்குள் போன் அலறிக்கொண்டே இருந்தது. எங்கள் முறை தப்பிப்போனது. மறுநாள் போட்டோம், எடுத்துக்கொண்டார்கள். தொழில் ஒன்றும் முழுகிவிடவில்லை.

அன்றிலிருந்து என் வண்டிகளில் ஒரு சட்டம். சாவி போடுவதற்கு முன்பே போனை அணைத்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேச வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அவர்கள்தான் கூப்பிட வேண்டும். ஓடுகிற வண்டிக்கு நான் போன் போட மாட்டேன். கை அரிக்கும். பொறுத்துக்கொள்கிறேன். கதிர் இன்று அதே ரோட்டில் தினமும் ஓட்டுகிறான். "எங்க வர்ற" என்று கேட்க ஆளில்லாமலேயே சரியாக வந்துவிடுகிறான்.

கொட்டகை வாசலில் சிமென்ட் களம் போட்டு, "இங்க காயப்போடுங்க அக்கா" என்றேன். நெல்லைக் கொண்டுவந்து கொட்டினாள். ஆனால் நெல்லுக்கு என் வீட்டுக்காரியைக் காவல் வைத்துவிட்டு, கழியோடு வளைவுக்கே போய்விட்டாள். "இங்க நெல்லு மட்டுந்தானே இருக்கு? ரோட்ட யாரு பாத்துக்குவா?"

இப்போது ஊர்க்காரர்கள் அந்த வளைவில் போர்டு வைக்கப் போகிறார்கள். 'போனை வை, அப்புறம் ஓட்டு. சிக்னல் அக்கா வளைவு.' நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். தப்பில் பேசுகிறவன் பாதி, கூப்பிடுகிறவன் பாதி. கூப்பிடுவதை நிறுத்தியவன் நான். என் பெயரும் அந்தப் போர்டில் வர வேண்டும், கட்டாயம் வர வேண்டும். எழுத்து சின்னதாக இருந்தாலும் சரி, அக்கா பெயருக்குக் கீழே என்றாலும் சரி. அந்தச் சிவப்புத் துணியின் நிழல் விழும் இடமாக இருந்தால் போதும்.