கருத்தப்பாண்டிக்கு எந்தக் கால் வலி?

மலை என்றாலே கருத்தப்பாண்டிக்கு மலைப்பு. பாளையம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால், ஸ்டூலே எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினால்தான் எழுந்திருப்பார். வீட்டுக்கும் கடைக்கும் இடையில் ஒரே ஒரு தெரு. அதையும் வண்டியில்தான் கடப்பார்.

அப்படிப்பட்டவரிடம் தங்கலட்சுமி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"புரட்டாசி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் போறோம்."

"போயிட்டு வா."

"போயிட்டு வா இல்ல. போயிட்டு வருவோம். உங்களுக்குக் குடல்வால் ஆப்பரேசன் நடந்தப்ப, நீங்க உங்க காலால நடந்து வந்து கும்பிடுவீகன்னு நேந்துக்கிட்டேன்."

"என் காலைக் கேக்காம நீ எப்பிடி நேந்துக்கலாம்?"

"உங்க காலைக் கேக்குற நேரமா அது? மலைமேல இருக்குற மகாலிங்கசாமி காலைப் பிடிச்சேன்."

"நேந்துக்கிட்டது நீ. நீதான ஏறணும்?"

"வயிறு யாரு வயிறு?"

கை தானாக வயிற்றுத் தழும்பைத் தடவியது. கருத்தப்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"வாரேன்! மலை என்ன மலை? ஒரே மூச்சுல ஏறிட்டு, அடுத்த மூச்சுல இறங்கிருவேன்!"

அவருக்கு அவ்வளவு வீரம் வந்ததற்குக் காரணம் இருந்தது. மழை பெய்தால் மலைக்கு ஆளை விட மாட்டார்கள். மழைக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. மழை பெய்தால் பம்புசெட் ஓடாது; ஓடாத மோட்டாரில் காயில் எப்படிக் கருகும்? அந்த மனிதர் பிறந்ததிலிருந்து முதல் முறையாக மழை கேட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மேகமும் கூடியது. இடித்தது. பிறகு பாளையம்பட்டியைத் தாண்டி, திருச்சுழியைத் தாண்டி, வீரசோழன் பக்கம் போய்க் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது. இவருக்குக் கிடைத்தது மண்வாசனை மட்டும்.

சரி, மழை இல்லாவிட்டால் என்ன? கால் இருக்கிறதே!

அமாவாசையன்று விடியும்போது வேன் மலையடிவாரத்தில் நின்றது. கருத்தப்பாண்டி படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"ஐயோ! அம்மா! பிசகிருச்சு!"

வேனே திரும்பிப் பார்த்தது. தங்கலட்சுமி பதறவில்லை. குனிந்து பார்த்தாள்.

"எந்தக் காலு?"

"வலது. ஊன முடியல லட்சுமி. நான் இங்ஙனயே இருந்து மகாலிங்கத்தை மனசுல கும்புட்டுக்கிர்றேன். நீ ரேணுகாதேவியோட போயிட்டு வா."

ரேணுகாதேவி பக்கத்து வீட்டுக்காரி. "பாவம்க்கா, அண்ணன் முகத்தைப் பாருங்க" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் தங்கலட்சுமி.

கணவரைத் தோளில் தாங்கி டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். துண்டை நனைத்துக் காலில் சுற்றினாள். "பத்திரமா இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் தலை மறைந்ததும் கருத்தப்பாண்டி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீ சொன்னார். வடை சொன்னார். இன்னொரு வடையும் சொன்னார்.

மூன்றாவது வடையைக் கையில் எடுத்தபோது, பாதி மலையில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்ட பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றியபடி வந்தார்.

"இங்ஙன பாளையம்பட்டிக் காயில் கடைக்காரரு யாருங்க?"

"நாந்தேன். என்ன?"

"உங்க சம்சாரம் வழுக்குப்பாறைக்கிட்ட காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக."

வடை கீழே விழுந்தது. போனைப் போட்டார். மலைக்குள் ஏது சிக்னல்? அடுத்த நொடி கருத்தப்பாண்டி மலைப்பாதையில் இருந்தார். ஓடினார் என்றே சொல்லலாம். அவர் உடம்புக்கு அதுதான் ஓட்டம்.

வழுக்குப்பாறையில் அவள் இல்லை. சுக்குக்காபி விற்றவர் கைகாட்டினார்.

"பச்சைச் சேலை கட்டுன அக்காவா? இப்பத்தான் நொண்டிக்கிட்டே மேல போனாக."

"மேலயா? கால் வலிச்சாக் கீழதானய்யா இறங்கணும்?"

"நானும் கேட்டேண்ணே. இறங்குனாத்தான் வலிக்குதாம். ஏறுனா வலிக்கலையாம்."

கருத்தப்பாண்டிக்கு அதை யோசிக்க நேரமில்லை. ஏறினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆப்பரேசன் முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது, சாப்பிடாமல் கொள்ளாமல் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். பயத்தில் முகமே கறுத்துப்போயிருந்தது. அவளைத் தனியாக மலையில் ஏறவிட்டுவிட்டு வடை தின்றோமே!

"பச்சைச் சேலையைப் பாத்தீகளா? பச்சைச் சேலை?"

எதிரில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "மேல போறாக."

உச்சிவெயிலில் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு மர நிழலில் தங்கலட்சுமியும் ரேணுகாதேவியும் காலை நீட்டி உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருத்தப்பாண்டி அப்படியே மனைவியின் முன்னால் சரிந்து, அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துப் பார்த்தார்.

"எங்க லட்சுமி வலிக்குது? வீங்கியிருக்கா?"

"அது போயிருச்சு. உங்களுக்கு?"

அப்போதுதான் அவருக்குத் தன் கால்கள் நினைவுக்கு வந்தன.

"அடிப்பாவி! நடிச்சியா?"

"நான் ஒரே காலைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வேன்ல வலது கால்னீக. டீக்கடைக்குப் போறப்ப இடது காலை நொண்டுனீக. என்னமோ, ரெண்டுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்."

ரேணுகாதேவிக்குப் புரையேறியது.

கோபப்படுவதற்கு மூச்சு வேண்டும். அது அவரிடம் இல்லை. தங்கலட்சுமி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். புளியோதரையை உருட்டி வாயில் வைத்தாள்.

"நான் வரலைன்னா என்ன பண்ணியிருப்ப?" என்று மென்றுகொண்டே கேட்டார்.

"வராம இருந்துருவீகளா?" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அதில் நடிப்பு இல்லை.

அதைப் பார்த்ததும் கருத்தப்பாண்டி உருகிப்போனார். சுற்றியிருந்தவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"உனக்காக இந்த மலை என்ன லட்சுமி, இதுக்கு மேல எம்புட்டு இருந்தாலும் ஏறுவேன்!"

தங்கலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூக்குவாளியை மூடினாள். எழுந்து நின்று, அவருக்குக் கை கொடுத்தாள்.

"அப்ப எந்திரிங்க. இங்க இருக்குறது சுந்தர மகாலிங்கம். சந்தன மகாலிங்கம் இன்னும் மேல இருக்காரு."