கார்னிவல் ராஜாவின் சிம்மாசனம்

எனக்கு அவ்வளவாகப் பேச வராது. பாதிரியார் நலம் விசாரித்தால்கூடத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாற்காலிக்காகக் கட்டின புருஷனோடு மல்லுக்கு நின்றேன்.

எங்கள் தாய்ப்பூனையும் இரண்டு குட்டிகளும் ஒரே வாரத்தில் வாந்தியும் பேதியுமாகச் செத்துப்போயின. முன்பே என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்த மூன்றாவது குட்டி மாவ்ரா மட்டும் தப்பியது. என் மகள் அந்தூலாவுக்கு நாலு வயது. மாவ்ராவின் தட்டைத் தினமும் வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கிருமி ஒரு வருஷம்கூட வீட்டில் கிடக்கும் என்றார் பூனை டாக்டரம்மா. முதலில் சோப்பு போட்டு அழுக்குப் போகத் தேய்க்கணும். பிறகு முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச். பத்து நிமிஷம் ஊறணும், அப்புறம் அலசிக் காயவைக்கணும். பஞ்சு வைத்த சாமான் மட்டும் எதற்கும் சுத்தமாகாது, எரித்துவிடு, அதன் பிறகு தடுப்பூசி போட்ட குட்டியைக் கூட்டி வா என்றார்.

தரை, கிண்ணம், மணல் தட்டு எல்லாம் முடித்தேன். மிச்சம் அந்த நாற்காலி. சிங்கத்தலைக் கைப்பிடி, உள்ளே பஞ்சு. தாய்ப்பூனை கடைசியாகப் படுத்ததும் அதில்தான், என் வீட்டுக்காரர் ஸ்தமாட்டிஸ் சாய்வதும் அதில்தான்.

அவர் சிப்புரோ பாட்டிலை எடுத்தார். அந்தச் சாராயத்தில் பாதியை நாற்காலிக்கு ஊற்றினார், பாதியைத் தனக்கு.

"சிப்புரோவுக்குத் தப்பின கிருமியே கிடையாது."

"டாக்டரம்மா பிளீச்னாங்க. அதுவும் பஞ்சுக்கு ஆகாதாம்."

"அவங்க படிச்சவங்க. நான் குடிச்சுப் பார்த்தவன்."

இரண்டு நாள் கழித்து நாற்காலியைக் காணோம். கடற்கரையில் எரித்துவிட்டாராம், சாம்பல்தான் மிச்சமாம். முகத்தில் அத்தனை சோகம். சட்டையில் மட்டும் புகை வாடையே இல்லை.

எங்கள் ஊரில் கார்னிவல் திருவிழாவின் கடைசி நாள் ஊர்வலம் விட்டு எரிக்கிற கார்னிவல் ராஜா பொம்மையைச் செய்யும் குழுவுக்கு இவர்தான் தலைவர். ராஜாவுக்கு அங்கி தைக்கக் குழுவின் கொட்டகைக்குப் போனேன். மூலையில் சாக்கு மூடிய ஏதோ ஒன்று. சாக்குக்கு வெளியே ஒரு சிங்கத்தலை.

அவர் பொல்லாத மனுஷர் இல்லை. நாளெல்லாம் படகில் நின்றே வேலை செய்கிறவர், உட்கார ஓர் இடம் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தூலாவின் தட்டு ஞாபகம் வந்தது.

கூடத் தைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரி கலியோப்பி அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஏன்க்கா, நம்ம ராஜா நின்னுக்கிட்டேவா ஊர்வலம் போவாரு?"

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. மூலையைப் பார்த்ததும் மற்றதை அக்காவே பார்த்துக்கொண்டார். நான் அங்கியை, ராஜாவுக்குக் கீழே சிங்கத்தலையும் மறையும்படி, தரை வரைக்கும் நீளமாகத் தைத்தேன். பிறகு பிளீச் வாளியோடு கொட்டகையையும் கழுவினேன்.

கடைசி ஞாயிறு சாயங்காலம், கடற்கரையில் ஊரே கூடி நிற்க, தலைவர் பந்தத்தை நீட்டி ராஜாவுக்குத் தீ வைத்தார். முதலில் அங்கி எரிந்தது. அப்புறம் சிங்கத்தலை தெரிந்தது.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அது... நம்ம நாற்காலி மாதிரி இல்ல?"

"அதெப்படிங்க? நம்மளதைத்தான் நீங்க போன வாரமே எரிச்சிட்டீங்களே."

தலைவர் கைதட்ட வேண்டுமென்று ஊர் காத்திருந்தது. தட்டினார்.

தடுப்பூசி போட்டுக்கொண்டு மாவ்ரா வந்துவிட்டது. துடைக்கத் தோதாக ஒரு வெறும் மர நாற்காலி வாங்கியிருக்கிறோம். அதில் அது தூங்குகிறது. இவர் நின்றுகொண்டே காபி குடிக்கிறார்.