போன வருஷத்து ருசி

“போன வருஷம் மாதிரி இல்லையே” என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அதை எங்கள் வீட்டில் முதலில் சொன்ன மடையன் நானேதான் என்பதால் எரிச்சல் இரட்டிப்பு.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர். தேத்தண்ணி எந்நாளும் ஒரே ருசியாக இருக்க வேண்டும் என்று ஆட்களைத் திட்டுவதற்குத்தான் சம்பளம். என் மனைவி ஸ்டெல்லா கிறிஸ்மஸுக்குப் போடும் பேரிக்காய் வைனோ ஒரு வருஷம் தேன், மறு வருஷம் புளித்த வினாகிரி. ஒருமுறை அது தேனாக அமைந்த வருஷம், என் தங்கை மேரிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா நானுஓயாவிலிருந்து வந்திருந்தார். “அடுத்த கிறிஸ்மஸுக்கும் இதே வைன் வையிங்க தம்பி, அன்னைக்கே கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருவோம்” என்றார். விளையாட்டாகச் சொன்னதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் ஸ்டெல்லாவை ஜாடிப் பக்கமே விடவில்லை. “ஒனக்கு ஒரு அளவு கெடையாது! கைக்கு வந்ததப் போடுற!” என்று கத்திவிட்டு, தராசும் கணக்கெழுதும் கொப்பியுமாக நானே இறங்கினேன். (பெரிய விஞ்ஞானி!)

“இந்த வருஷம் ஓயாத மழைங்க. காயெல்லாம் தண்ணியா இருக்கு, சீனியக் கூட்டணும்” என்றாள்.

“போன வருஷம் எவ்வளவோ, அவ்வளவுதான்!”

டிசம்பரில் ருசி பார்த்தேன். வாய் கோணிவிட்டது. “போன வருஷம் மாதிரி இல்லையே!” என்று கத்தினேன். ஆத்திரத்தில், அவள் மிச்சம் வைத்திருந்த கொஞ்சநஞ்சப் பழைய வைனையும் அதில் கலந்து, சீனியை அள்ளிக் கொட்டி, போத்தல்களை இறுக்கி மூடினேன்.

கிறிஸ்மஸ் அன்று மாப்பிள்ளையின் அப்பா மகனோடு வந்து, வெள்ளைச் சட்டையில் என் எதிரே உட்கார்ந்தார். நான் போத்தல் மூடியைத் தொட்டதுதான் தெரியும். டமார்! பாதி வைன் கூரைக்கு, மீதி அவர் நெஞ்சுக்கு. மூலையில் ஜோடித்திருந்த கிறிஸ்மஸ் குடிலில் நின்ற மூன்று ராஜாக்களும் குப்புற விழுந்தார்கள்.

“எல்லாம் இவ போட்ட வைன்!” என்று ஸ்டெல்லாவைக் கைகாட்டினேன், பாவி. இதை எழுதும்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

“அண்ணே, பொய் சொல்லாதீங்க!” என்று மேரி அழுதுகொண்டே கத்தினாள்.

ஸ்டெல்லா கத்தவில்லை. துவாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். “வைன் வருஷத்துக்கு வருஷம் மாறும் மாமா. இந்த வீட்டுல மாறாம ஒரே ருசியா இருக்கிறது இவரு கோவம் மட்டுந்தான்.”

அவர் சட்டையைத் துடைத்தபடி மகனைப் பார்த்தார். “நல்லவேளைடா, நீ கட்டப்போறது தங்கச்சிய.”

அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்த மனிதர் வருகிறார். ஸ்டெல்லா போத்தலை எடுத்ததும் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்து, அதற்கடியிலிருந்து என்னைப் பார்த்துக் கேட்கிறார்: “என்னா தம்பி, இந்த வருஷமும் அதே ருசிதானா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கத்துவேன்.

“அதே ருசிதான்!” என்று வீடே சொல்லும்.