நல்ல தண்ணீரில் கழுவிய கம்ப்யூட்டர்

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் முன்போல் இல்லை. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரைக் கண்டால் வாயே திறக்க மாட்டேன். அந்தக் கூச்சம்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. பழைய பேப்பரையும் பழுதான கம்ப்யூட்டர்களையும் மறுசுழற்சிக்கு ஏற்றிப்போக அவ்வப்போது லாரி வரும். போன வருசம் அப்படித்தான், பேப்பர் மூட்டைகளை அறையிலும் கம்ப்யூட்டர்களை வராந்தாவிலும் போட்டிருந்தார்கள். லேப் உதவியாளர் சேவியர், "யக்கா, மத்தியானம் லாரி வருது. இதையெல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படி என்று கேட்டிருக்கலாம். (கேட்டால் அது நானா?) உப்புக்காற்றில் எல்லாப் பெட்டிகளும் துருப்பிடித்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் வள்ளத்து இஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பார். உப்பு போனால்தான் இரும்பு நிற்கும். இது தெரியாத பொம்பளை எங்கள் தெருவில் கிடையாது. ஓஸ் குழாயைப் பிடித்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கருவாடு போடுவதுபோல் வெயிலில் வரிசையாக வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணம்!

அப்போது ஜெசிந்தா வந்தாள். முத்துச்சிப்பியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை.

"ஆச்சி, இங்கன ஓரத்துல என் கம்ப்யூட்டர் இருந்துச்சே? ரிப்பேருக்குக் கொண்டுபோக சேவியர் அண்ணாச்சி வச்சிருந்தாவளே?"

நான் வரிசையைக் கைகாட்டினேன். அவள் தன் பெட்டியைத் தூக்கினாள். அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஐயோ ஆச்சி! என் ஆராய்ச்சி மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு. வேற காப்பி கிடையாதே!"

சேவியர் ஓடி வந்தார். "என்னக்கா செஞ்சு வச்சிருக்கிய?"

"கழுவினேன் தம்பி."

"கம்ப்யூட்டரையா?"

"உப்பு போகணும்லா?"

அவர் தலையில் கை வைத்தார். பிறகு பெட்டியைப் பிரித்து டிஸ்க்கைத் தனியாக எடுத்தார். "நல்லா காயட்டும். உசுரு இருக்கா இல்லையான்னு பொறவுதான் தெரியும்."

உசுரு என்றதும், ஒரு பிள்ளையின் படிப்பைக் கொன்றுவிட்டேன், வேலையும் போச்சு, போலீசும் வரும் என்று பயந்து, பேப்பர் மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்துவிட்டேன். லாரி வந்ததையே கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த மூட்டை கண்ணு முழிக்கி!" என்று சுமைதூக்குகிறவன் அலறினான். "இதையும் எடைக்குப் போட்டுரவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

டிஸ்க் காயும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். ஜெசிந்தா எதிரே வந்தால் வேறு வழியாக ஓடினேன். கடைசியில் சேவியர் அதை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். நான் கதவுக்கு வெளியே கண்ணை மூடி நின்றேன்.

"ஆச்சி, உள்ள வாங்க! எல்லாம் அப்படியே இருக்கு!"

திரை நிறைய ஒரு சிப்பிப் படம். எனக்குச் சிப்பி என்றால் குழம்புதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்த வராந்தாவில் 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. எங்கள் வீட்டில் யார் போன் மக்கர் பண்ணினாலும், "ஏளா, இதைக் கொஞ்சம் கழுவிக் குடு" என்று வீட்டுக்காரர் என்னிடம் நீட்டுகிறார்.

நான் எழுதியதில் தப்பு இருந்தால் சேவியரோ ஜெசிந்தாவோ பார்த்துத் திருத்த வேண்டும். வீட்டுக்காரரிடம் மட்டும் யாரும் கேட்க வேண்டாம். நான் சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது சுத்தப் பொய். ஷாம்புதான் போட்டேன்.