கமலவேணி ஏன் வாய் திறக்கவில்லை?

நாரந்தனை,
9.8.1966

அன்புள்ள மகன் சிவபாதத்துக்கு,

ஐயா எழுதுவது. அம்பாள் கிருபையால் நானும் உன் மாமியும் சுகம். இக்கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

சனிக்கிழமை கரம்பொன்னில் உன் நாடகம் பார்த்தேன். ஒரு பார்வையாளனாக மட்டுமே எழுதுகிறேன். உன் கதாநாயகி கமலவேணியை எனக்கு விளங்கவில்லை. மனைவியை இழந்த தமையன், கைக்குழந்தையை வளர்க்கத் தங்கை வேண்டுமென்று, சுருவில் ஊரிலிருந்து அவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளையின் சாதகத்தைப் பெட்டிக்கடியில் ஒளித்துவிட்டுப் பொருத்தமில்லை என்கிறான். பால் ஆற்றவே தெரியாதவன், பாவம், வேறென்ன செய்வான்? அவளுக்கு அறிவு எங்கே போனது? சாதகம் பார்க்கும் சாத்திரியாரிடம் ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாமே! கேளாமல் இருபத்தைந்து வருடம் சோறு காய்ச்சிவிட்டு, கடைசிக் காட்சியில் சாதகத்தைக் கண்டெடுத்துக் கடலில் விழுகிறாள். கமலவேணியாக வந்த தியாகலிங்கம் மீசையைச் சிரைத்துவிட்டு அழுத அழுகையில் சனமெல்லாம் மூக்கைச் சிந்தியது. பக்கத்திலிருந்த அப்புத்துரை, "தம்பையாண்ணை, உந்தத் தமையனைக் கட்டிவைச்சுத் தோலுரிக்க வேணும்" என்றான். "ஓமோம்" என்றேன்.

சரி, தமையன் நான்தான். குழந்தை நீதான். தங்கை உன் மாமிதான். உனக்கு இதை யார் சொன்னதென்று கேட்கவும் பயமாயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாடகம் எங்கள் சனசமூக நிலைய முற்றத்தில். மாமி முன்வரிசையில் இருக்கப் போகிறாளாம், சேலையும் எடுத்து வைத்துவிட்டாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன அண்ணை, கறி பிடிக்கேல்லையோ?" என்று அவள் கேட்கும்போது தலை நிமிர முடியவில்லை. தமையனைச் சித்தப்பனாக மாற்று. அல்லது மாப்பிள்ளைக்குக் காலிப் பட்டினத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததென்று வை. எதுவும் ஏலாதென்றால் கமலவேணிக்குக் காசநோயாவது கொடு. சாதகம் மட்டும் மேடைக்கு வரவேண்டாம். அவள் என்னோடு பேசாமல் விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள், மகன்?

முழங்கால் நோவென்பதால் இதை மாமியிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன். உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன்.

அம்பாள் உனக்குச் சகல நன்மையும், ஞாயிறுக்கு முன் நல்ல புத்தியும் அருளட்டும்.

உன் ஐயா,
க. தம்பையா

பி.கு.: தம்பி, மாமி எழுதுகிறேன். உறை ஆவியில் கழன்றது. ஐயா சொன்ன ஒன்றையும் மாற்றாதே. ஆனால் நான் உனக்குச் சொன்ன கதையில் நீ ஒரு பிழை விட்டிருக்கிறாய். அவள் சாதகத்தைக் கண்டது இருபத்தைந்து வருடம் கழித்தல்ல, ஒளித்த அடுத்த கிழமையே. கடலில் விழ அவளுக்கு எங்கே நேரம்? நீ அழுதாய். சாதகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உன்னைத் தூக்க வந்தேன்.